இன்னார் சொன்னது

ஊறுகாய் ஜாடியின் வாயில் துணி வேடு கட்டும்போதுகூட யாராவது ஒருவருடைய பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கட்டுவார். "இப்படி ஓரத்தை உள்ளாற மடிச்சிக் கட்டினா எறும்பு ஏறாதுன்னு கனகம்மாசத்திரத்துல மோர் விக்கிற ஆயா சொன்னாங்க." குடையை மடக்கினால், "இப்படி மடக்கினா கம்பி வளையாதுன்னு குடை ரிப்பேர் பண்ற மஸ்தான் பாய் சொன்னாரு." கரும்பலகையில் ஒரு பெருக்கல் கணக்கைச் சட்டென்று போட்டுக் காட்டினால், "இந்த வழி என்னுது இல்லீங்க. மூணாங்கிளாஸ்ல சரோஜான்னு ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்திச்சி. இப்ப அரக்கோணத்துல இருக்குது." கேட்கிறவர்களுக்கு மோர் விற்கிற ஆயாவையும் தெரியாது, சரோஜாவையும் தெரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஒருவரிடம் கற்றுக்கொண்டதை அவர் பெயர் சொல்லாமல் உபயோகிப்பது திருட்டு என்பது அவர் எண்ணம்.

அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குப் பெருமை தரும் காரணம் அல்ல. கடைசியில் சொல்கிறேன்.

திருத்தணியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் தற்காலிக ஆசிரியைகள். யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, தமிழ்ப் பண்டிதரான என் அப்பா வேலைக்காக அங்கேயே தங்கிவிட்டு, அம்மாவையும் எங்களையும் திருத்தணிக்கு அனுப்பிவைத்தார். எனக்கு இருபத்திரண்டு வயது. வந்த மூன்றாம் மாதம் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பண்டிதர் மகள் என்ற செய்தி நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைப் பரப்பியதே நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. பள்ளிப்பட்டுக்காரர். வீட்டில் தெலுங்குதான் பேச்சு. தமிழ் எழுதப் படிக்கக் கற்றதே கல்யாணத்துக்கு அப்புறம். "எனக்கு தமிழ் அச்சரம் சொல்லிக் குடுத்தது எங்க பாவா," என்பார். பாவா என்றது கணவரை. அவர் நெசவாளி. யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றுபோயிருந்தது. போதாததற்கு நெஞ்சுச் சளி அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. அவரும் இரண்டு பெண் குழந்தைகளும் மாமியாரும் பள்ளிப்பட்டில் இருக்க, இவர் மட்டும் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். அந்தச் சம்பளம் நின்றால் அங்கே அடுப்பு எரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று பின்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

உயரமான ஆள். கொஞ்சம் கூன் போட்டு நடப்பார். கனத்த குரல். தண்டுக்கீரை நிறத்தில் ஒரு சேலை அடிக்கடி கட்டுவார். யாராவது அதைப் பார்த்துவிட்டால் போதும், "எங்க வீட்டுக்காரர் நெய்ஞ்சது," என்பார். நீளவாக்கில் தைத்த நோட்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கும். புதிதாக எது தெரிந்துகொண்டாலும் அதில் எழுதி, கீழே சொன்னவர் பெயரையும் எழுதுவார். இருமலுக்கு என்ன செய்வது, 'ஆயத்தம்' என்றால் என்ன, ரேஷன் மனுவை யாரிடம் கொடுப்பது, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் தலைமை ஆசிரியை அதைப் பார்த்து, "ஏம்மா, நீயா கத்துகினது ஒண்ணாவது இதுல இருக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, "தேடிப் பாக்கறேங்க," என்றார்.

தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே சொல்வார். "இரு, பக்கத்து கிளாஸ் டீச்சரம்மாவைக் கேட்டுகினு வந்து சொல்றேன்." என் வகுப்பு வாசலில் வந்து நின்று கேட்பார். நானும் கையில் இருக்கிற சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்கம் கொடுப்பேன். எத்தனை பெரிய மனுஷி நான். அவர் திரும்பிப் போய், "இது டீச்சரம்மா சொன்னது," என்று தொடங்குவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். கேட்க வேண்டும் என்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தற்காலிக ஆசிரியைகள் வாசிப்புப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். முன்பின் பார்க்காத ஒரு பகுதியை அதிகாரி முன்னால் உரக்க வாசித்து, அதற்குப் பிறகு அவர் கேட்கிற அணிகளுக்கு விளக்கமும் உதாரணமும் சொல்ல வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வருஷக் கடைசியோடு சரி. கூடவே இருபத்துநாலு அணிகளின் பட்டியல். வெறும் பெயர்கள். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்று வரிசையாக. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் இருந்ததெல்லாம் தெலுங்குப் புத்தகங்கள். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அணி இலக்கணம் பட்டணத்தில் அப்பாவின் அலமாரியில் இருந்தது.

"டீச்சரம்மா, புஸ்தகம் இல்லாம என்னாங்க பண்றது?" என்றார்.

"புஸ்தகம் எதுக்கு அக்கா? சின்ன வயசிலேருந்து கேட்டு கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம்," என்றேன். இருபத்துநாலில் பதினெட்டு தெரியும். மீதி ஆறும் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

படிக்கிற முறையை அவர்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். வேண்டுதலுக்காக மலைப்படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றிக்கொண்டு ஏறுகிற பெண்களைப் பார்த்து வந்த யோசனை அது. "அவங்க சூடம் வைக்கறாங்க. நாம ஒரு அணி வைக்கலாங்க." பள்ளிக்கூடம் விட்டதும் அடிவாரத்துக்குப் போவோம். படிக்கு ஒரு கேள்வி. ஒருத்தர் கேட்க, மற்றவர் விளக்கமும் உதாரணமும் சொன்னால் இருவரும் அடுத்த படி. சொல்லத் தெரியாவிட்டால் தெரியாதவர் அந்தப் படியிலேயே நிற்க வேண்டும். யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஏறலாம். இது அவர் போட்ட விதி.

அவர் நின்ற படிகள் எத்தனையோ. ஒருநாள் 'மடக்கு' என்றால் என்ன என்று தெரியாமல் நின்றுவிட்டார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மேல் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்திக் கேட்டார். மொட்டையடித்து சந்தனம் பூசிய ஒரு விவசாயி, "கடைல பானை மூடற மடக்கு விக்கறாங்களே, அதைச் சொல்றியாம்மா?" என்றார். பூக்கூடையோடு இறங்கிய கிழவி ஒருத்தி, "இதெல்லாம் சாமிகிட்ட கேளும்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து வாத்தியார் ஒருவர் குடும்பத்தோடு வந்தவர், நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். வந்த சொல்லே திரும்ப வந்து வேறு பொருள் தருவது என்று. அவர் பெயரையும் ஊரையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, சந்தோஷமாக ஏறி வந்தார்.

விளக்கம்தான் தாமதம். பிடிபட்டுவிட்டால் உதாரணம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தற்குறிப்பேற்றத்துக்கு நான் புத்தகத்து உதாரணம் ஒன்றை ராகம் போட்டுச் சொல்வேன். அவர் மலை உச்சியில் கவிந்திருந்த மேகத்தைப் பார்த்தார். "தானா வர்ற மேகத்தை, மலைக்கு நம்ம மொகத்தைப் பாக்கப் பிடிக்கலை, அதான் முக்காடு போட்டுகினுதுன்னு நாம சொன்னா அது தற்குறிப்பேற்றம். சரிங்களா?" என்றார். சரிதான். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. தறிக்காரர் வீட்டுப் பெண், அச்சரம் பாவாவிடம் கற்றவர், பண்டிதர் மகள் முன்னால் இப்படிச் சொல்லலாமா? பொறாமைதான். வேறு பெயர் அதற்கு இல்லை.

பதில் தெரியாமல் நான் படியில் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. கேள்வி அவருடையது.

"வேற்றுப்பொருள் வைப்பு. அப்படின்னா என்னாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா சொல்லிக்கொடுத்தது நினைவில் இருக்கிறது, எந்த மரத்தடியில் என்பதுகூட நினைவில் இருக்கிறது. என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. நின்றேன். அந்த நேரம் பார்த்தா தலைமை ஆசிரியை பிரசாதத் தட்டோடு மேலிருந்து இறங்கி வர வேண்டும். "என்ன, பாடம் நடக்குதா?" என்று எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "கேளும்மா, நல்லா கேளு. பண்டிதர் பொண்ணு, பக்கத்துலயே இருக்குது," என்றார்.

தெரியவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அக்கா தினமும் கூசாமல் சொல்கிற சொல். என் வாயில் வரவில்லை. பெயரை வைத்துக்கொண்டு அங்கேயே ஒன்றை ஜோடித்தேன். "சொல்ல வந்த பொருளைச் சொல்லாம மறைச்சிட்டு, அதோட எடத்துல வேற ஒரு பொருளை வச்சி சொல்றது," என்றேன். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. தலைமை ஆசிரியை, "பாத்தியா," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த படி ஏறினேன்.

அவர் எழுதிக்கொண்டார். கீழே என் பெயர். எழுதிய கையோடு உதாரணமும் சொன்னார். "எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரி மூச்சு முட்டிச்சின்னு நான் எங்க பொண்ணுங்ககிட்ட சொல்ல மாட்டேன். உங்க நைனாவோட தறி கொஞ்சம் தகராறு பண்ணுதுன்னு சொல்லுவேன். இதானங்க?"

"ஆங், அதுதான்," என்றேன்.

மறுநாளே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில் தபால் கார்டில் பதில் வந்தது. 'இதைக்கூடவா மறந்தாய்' என்று ஒரு வரி. அப்புறம் விளக்கம். ஒரு செய்தியைச் சொல்லி, அதை நிலைநிறுத்த உலகம் முழுக்க அறிந்த ஒரு பொது உண்மையைப் பக்கத்தில் வைத்துச் சொல்வது வேற்றுப்பொருள் வைப்பு. நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மூன்று வாரம். ஒரே வீட்டில் முன்கட்டும் பின்கட்டும். சேர்ந்து பள்ளிக்கூடம் போகிறோம், சேர்ந்து படி ஏறுகிறோம். தபால் கார்டு என் பையிலேயே இருக்கிறது. அவர் கிணற்றடியில் துணி துவைக்கும்போது ஒருநாள் சொல்லப் போனேன். "வாங்க டீச்சரம்மா," என்று தலைநிமிர்ந்து சிரித்தார். சோப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு நாள் படியில் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எதிரே இறங்கி வந்த பள்ளிக்கூடத்து ஆயாவிடம், "இந்த டீச்சரம்மா புஸ்தகமே இல்லாம இருபத்துநாலும் சொல்லுவாங்க. எனக்கு எல்லாம் அவங்க போட்ட பிச்சைதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதன் பிறகு எப்படிச் சொல்வது? அந்த ஒரு அணியையா கேட்கப்போகிறார்கள், இருபத்துநாலில் மூன்றுதானே கேட்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கேவலம். இன்றைக்கு எழுதும்போதும் காது சூடாகிறது.

பரீட்சை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. அதிகாரி சித்தூரிலிருந்து வந்தார். வயதானவர், மூக்குக்கண்ணாடி, பொறுமையான மனிதர். ஒருவரைக் கேட்கும்போது அடுத்தவர் அதே அறையில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா முதலில், நான் அடுத்தது.

வாசிப்பை ஜோராகச் செய்தார். அந்தக் கனத்த குரல் அறை முழுக்க நின்றது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முதல் அணி உருவகம். சொன்னார். இரண்டாவது தற்குறிப்பேற்றம். மலை முக்காடு போட்டுக்கொண்டதைச் சொன்னதும் அதிகாரி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாயிருக்குதும்மா," என்றார். "இனி ஒண்ணே ஒண்ணு. வேற்றுப்பொருள் வைப்பு."

அவர் தயங்கவே இல்லை. சொல்ல வந்ததை மறைத்து வேறு பொருளை வைப்பது என்றார். தறி தகராறு பண்ணுகிற உதாரணத்தையும் சொன்னார். அதிகாரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இது தப்பாச்சேம்மா. எந்தப் புஸ்தகத்துல பார்த்தீங்க?"

"புஸ்தகம் இல்லீங்க."

"அப்ப யார் சொல்லிக் குடுத்தாங்க? யாராவது தப்பா சொல்லிக் குடுத்திருந்தா உங்க மேல குத்தமில்லை. அதைச் சொல்லுங்க, வேற ஒண்ணு கேக்கறேன்."

மோர் விற்கிற ஆயா பெயரைச் சொல்கிறவர். மூன்றாம் வகுப்பு சரோஜாவை மறக்காதவர். நோட்டு அவர் மடியிலேயே இருந்தது, அந்தப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. என் பெயரைச் சொன்னால் அவருக்கு இன்னொரு கேள்வி கிடைக்கும். அடுத்து எழுந்து நிற்க வேண்டியவள் நான்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லலீங்க," என்றார். "நானா நெனச்சிகினது."

அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். நானும் இருந்தேன். எழுந்து, ஐயா, நான்தான் சொன்னேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் இறைத்து முடித்துவிட்டுப் போனார்கள். நான் பெஞ்சின் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தாகூட விட்டிருப்பேம்மா," என்றார் அதிகாரி. "இலக்கணத்தை நீங்களா கட்டிகினு போய் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தா என்னா ஆகறது?" காகிதத்தில் ஏதோ எழுதினார். அடுத்தது என்னைக் கூப்பிட்டார். என்னையும் அதே அணியைக் கேட்டார். அப்பாவின் கார்டில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னேன். "இதுதான் படிச்சவங்க சொல்ற பதில்," என்றார்.

அக்கா வேலையை இழந்து ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதையாவது செய்தேன். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு. அதை மூட்டிக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, புகை வந்து வண்டி கிளம்ப அரைமணி நேரம் ஆகும். பள்ளிப்பட்டு பஸ் புகைந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஏன் என் பேரைச் சொல்லலை?" என்றேன்.

"உங்களுக்கு அடுத்தாப்ல பரீட்சை இருந்திச்சி. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி என்னா பண்றது?" என்றார். அப்புறம், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்க. நீங்க தெரியாமதான சொன்னீங்க. சரியானது தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லாம இருப்பீங்களா?"

தபால் கார்டு அப்போதும் என் பையில் இருந்தது. இல்லை அக்கா, மூன்று வாரமாகத் தெரியும் என்று சொல்ல வேண்டும். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் பொதுவாக ஆட்டினேன்.

அவர் நோட்டை எடுத்தார். "சரி, அதுக்கு சரியான அர்த்தம் என்னா, சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"இனிமே எதுக்கு அக்கா?"

"பொண்ணுங்க படிக்குமில்ல. அதுங்களுக்காவது ஒழுங்கா தெரியட்டும்."

சொன்னேன். பஸ்ஸின் மட்கார்டின் மேல் நோட்டை வைத்து நிறுத்தி நிதானமாக எழுதினார். பழையதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இதை எழுதினார். அதற்கும் கீழே, வழக்கம்போல, சொன்னவர் பெயர்.

நான் தேறி, நிரந்தரமாகி, யுத்தம் முடிந்தும் திருத்தணியிலேயே தங்கி, அதே பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றேன். வருஷா வருஷம் வேற்றுப்பொருள் வைப்பு சொல்லிக்கொடுத்தேன். மலை முக்காடு போட்ட உதாரணத்தையும் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் அது என்னுடையது என்று நினைத்துக் கைதட்டின. நான் மறுக்கவில்லை. ஒருமுறை பள்ளிக்கூட வேலையாகப் பள்ளிப்பட்டுக்குப் போனேன். தறிச் சத்தம் கேட்கிற தெரு வரைக்கும் நடந்தேன். யாரையும் விசாரிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அவர் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன். அவருக்கு மரியாதை செய்வதற்காக அல்ல. அவருடைய இரண்டு பெண்களும் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அம்மா பெயரை அச்சில் பார்த்தால், யாராவது ஒருத்தி பெட்டியைத் திறந்து அந்த நீள நோட்டை எடுத்துப் பார்ப்பாள். அதில் ஒரு பக்கத்தில் ஒரே அணிக்கு இரண்டு விளக்கம் இருக்கும். இரண்டின் கீழேயும் ஒரே பெயர் இருக்கும்.